ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் பேசினாள்.

“மேடம், ஒருத்தரு வந்து உக்காந்துகினு கீறாரு. டிகிரி படிக்கணுமாம். பத்தாவது சர்டிபிகேட்டே இல்லன்றாரு. ஆன்லைன்ல அந்த எடத்துல எதுனா ஏத்தலன்னா அடுத்த பக்கமே போவ மாட்டேங்குது. இன்னா சொல்லி அனுப்பட்டும்?”

“அனுப்பாத,” என்றேன். “டிகிரி பாரத்த மூடிட்டு, ஆயத்தப் படிப்புன்னு வேற ஒரு பாரம் இருக்கும், தேடு. அதுல வயசு மட்டுந்தான் கேப்பாங்க.”

கொஞ்ச நேரம் விசைப்பலகை சத்தம் கேட்டது. “ஆமா மேடம், கீது,” என்றாள். பிறகு, “உங்க காலத்துல இந்த மாரி நெறைய பேரு வருவாங்களா?” என்று கேட்டாள். “வருவாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குமேல் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் இரண்டு அறை. அதுதான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம். அங்கே இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தேன். விண்ணப்பம் வாங்குவது, தபாலில் வரும் புத்தகக் கட்டைப் பிரித்து ஆள்வாரியாக அடுக்குவது, மாணவர்கள் வீட்டில் எழுதிக் கொண்டுவரும் ஒப்படைப்புக் கட்டுரைகளுக்கு முத்திரை போட்டு ரசீதுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது, தேர்வு நாளில் மணி அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முன்னால் பெஞ்சு துடைப்பது எல்லாம் என் வேலை. சேரும்போது சென்னையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் பாரங்களின் பெயர், இரண்டாம் நாள் பாரங்களின் நிறம், மூன்றாம் நாள் குழுப் புகைப்படம். அவ்வளவுதான் பயிற்சி.

அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் ஆறு வருடம் தட்டச்சராக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: யார் வந்தாலும் முதலில் “டி.சி. எங்க?” என்று கேட்பது. அந்தப் பழக்கத்தோடு வந்து இங்கே உட்கார்ந்தேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் தணிகாசலம் சார். வார நாட்களில் அதே பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். மாலையிலும், சனி ஞாயிறு முழுவதும் எங்கள் அறையில் இருப்பார். மெலிந்த ஆள். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஒரு பென்சில் இருக்கும். முத்திரை மையை ஏதோ தன் சொந்தத் தோட்டத்தில் விளைந்தது மாதிரி சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்வார். பாராட்டவே மாட்டார். கோப்பு கலைந்திருந்தால் கத்துவார். அவரிடம் இரண்டு வழக்கம் உண்டு. எதிரில் நிற்பவர் உட்காரும்வரை பேச்சைத் தொடங்க மாட்டார். இரண்டாவது, எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். நமக்குத் தெரிந்த விதியாக இருந்தாலும், கடைசி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தாலும், படித்தே ஆக வேண்டும்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. திருப்புலிவனம் என்றார். நாலாவது வரை படித்திருப்பதாகவும், இங்கே பெரிய படிப்புச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னார்.

“டி.சி. எங்க?” என்றேன்.

“அது இன்னாதும்மா?”

“பள்ளிக்கூடத்துல குடுக்கிற சர்டிபிகேட்டு.”

“அந்தப் பள்ளிக்கூடமே இப்ப இல்ல. செவுரு வுளுந்து பூட்ச்சி.”

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாது,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கோபப்படக்கூட இல்லை.

சாயங்காலம் வந்த சாரிடம் ஏதோ பேச்சில் இதைச் சொன்னேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “முதல் பக்கம்.”

படித்தேன். பதினெட்டு வயது நிரம்பிய எவரும், முறையான பள்ளிக் கல்வி இல்லாவிட்டாலும், ஆறு மாத ஆயத்தப் படிப்பில் சேரலாம்; அதில் தேறினால் பட்டப் படிப்பில் சேரலாம் என்று இருந்தது. பயிற்சியின் முதல் நாளே இந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பார்த்தது வேறு, படித்தது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது.

“அவர் பேர் என்ன?”

“கேக்கல சார்.”

“எந்த ஊரு?”

“திருப்புலிவனம்.”

“அஞ்சே காலுக்கு டவுன் பஸ் இருக்கு,” என்றார். பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

போனேன். பேர் தெரியாத ஆளை எப்படிக் கேட்பது? “காலையில உத்திரமேரூர் போய் வந்தவர், படிக்கணும்னு சொன்னவர்” என்று ஒரு பெட்டிக்கடையில் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, “மாணிக்கமா? ஏரி மதகாண்ட போய்ப் பாரு” என்றார். ஏரியின் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். கரையில் நின்று சொன்னேன்: “உங்களச் சேத்துக்கலாம். வயசுக்கு மட்டும் ஒரு அத்தாட்சி வேணும். நாளைக்கு வாங்க.”

“அப்ப காலையில இன்னாத்துக்கு முடியாதுன்ன?”

“எனக்குத் தெரியல. தப்பாச் சொல்லிட்டேன்.”

அவர் பிடுங்கியதைக் கரையில் வீசிவிட்டு நிமிர்ந்தார். “தெரியலன்னு சொல்ற ஆபீசர இன்னிக்கிதாம்மா பாக்குறேன்,” என்றார்.

மறுநாள் வந்து சேர்ந்தார். ஆயத்தப் படிப்பில் தேறினார். பட்டப் படிப்பில் முதல் வருடம் பாதித் தாள்களைத் தேறினார். அப்புறம் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. ஆறு வருடம் வந்தார். கடைசி பெஞ்சில் சுவரோரம் அவருக்கு ஒரு இடம். பொருளாதார ஆசிரியர் தேவை, வழங்கல் என்று ஏதாவது சொன்னால், “மதகுல நிக்கறவனுக்கு அது தெரியுமே சார்” என்று தொடங்கி, கடைமடைக்காரனும் தலைமடைக்காரனும் எப்படிப் பேரம் பேசுவார்கள் என்று விளக்குவார். ஆசிரியரே சாக்பீசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

“ஏன் பரிச்சை எழுத மாட்டேன்றீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பட்டம் வாங்கிட்டா அப்புறம் உள்ள வுட மாட்டீங்களே,” என்றார்.

இப்படிப்பட்டவர்கள்தான் எங்கள் மாணவர்கள். மேஸ்திரி, டவுன் பஸ் கண்டக்டர், பால் சொசைட்டியில் அளப்பவர், மகள் கல்லூரியில் சேர்ந்த அதே வருடம் தானும் சேர்ந்த ஒரு தாய். ஒப்படைப்புக் கட்டுரைகள் வரும்போது பேரைப் பார்க்காமலேயே யாருடையது என்று சொல்லிவிடுவேன். ஒன்றில் டீசல் வாடை வீசும், ஒன்றில் சிமெண்டு விரல் பதிந்திருக்கும். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருப்பதால் வரலாற்றுத் தேர்வில் மட்டும் இவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆளாளுக்கு ஏழு பக்கம் எழுதுவார்கள். மற்ற நான்கு கேள்விக்கு நேரம் இருக்காது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கன்னியம்மாளைப் பற்றி.

சாலவாக்கம் பக்கம், ஏரிக்கரை ஓரத்தில் இருபது குடும்பம் இருளர் குடியிருப்பு. அங்கிருந்து வந்தார். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலை. முப்பது வயதுக்குமேல் குடியிருப்பில் நடந்த சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றவர். வந்த அன்று வாசற்படியிலேயே நின்றார். சார் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. சார் பேசவில்லை. ஐந்து நிமிடம் இப்படியே போயிற்று. கடைசியில் சார் தானும் எழுந்து நின்றுகொண்டார். அதற்கப்புறம்தான் கன்னியம்மாள் உட்கார்ந்தார்.

“எதுக்குப் படிக்கணும்னு நெனைக்கிறீங்க?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கான கட்டம் பாரத்தில் இருந்தது. சாதாரணமாக எல்லோரும் ‘அறிவை வளர்த்துக்கொள்ள’ என்று எழுதுவார்கள்.

“வேல செய்ற எடத்துல வடய பேப்பர்ல சுத்திக் குடுப்பாங்க சார். துன்னுட்டு அந்தப் பேப்பரப் படிப்பேன். எந்தப் பேப்பரும் முளுசா இருக்காது. பாதியில கிளிஞ்சிருக்கும். மீதி இன்னான்னு தெரிஞ்சிக்கணும்.”

சார் அதை அப்படியே பென்சிலால் எழுதிக்கொண்டார்.

ஆயத்தப் படிப்பைக் கன்னியம்மாள் சுலபமாகத் தாண்டினார். அந்தத் தேர்வில் எழுத வேண்டியதில்லை, சரியான விடைக்கு நேரே கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்த பிறகுதான் வினை வந்தது. மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். தேற முப்பத்தைந்து. கன்னியம்மாள் சில தாள்களில் முப்பத்தாறு வாங்கித் தேறுவார். சில தாள்களில் முப்பத்திரண்டில் போகும். போனதை மறுபடி எழுதுவார். எங்கள் பல்கலைக்கழகத்தில் பதிவுக் காலம் ஆறு வருடம். அதற்குள் முடிக்காவிட்டால் தேறிய தாள்களும் சேர்ந்து போய்விடும். ஆறாவது வருடம் ஜூன் தேர்வின் முடிவு வந்தபோது மூன்று தாள் பாக்கி இருந்தது. டிசம்பர் ஒன்றுதான் மிச்சம்.

“பாடம் தெரியலையா?” என்று சார் கேட்டார்.

“தெரியும் சார்,” என்றார் கன்னியம்மாள்.

விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பித்தோம். மூன்று வாரம் கழித்து வந்தது. நாலரைப் பக்கம். இரண்டு கேள்விக்கு மட்டும் விடை. இரண்டுமே அழகாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பதினாறு போட்டிருந்தார்கள். மற்ற மூன்று கேள்விக்கும் வெறும் தாள்.

அந்தச் சனிக்கிழமை சார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “உங்களுக்குத் தெரிஞ்ச எதையாவது ஒரு பக்கம் எழுதுங்க கன்னியம்மா.”

அப்போதுதான் நான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன். ஆறு வருடமாக எனக்கு எதிரில் கையெழுத்துப் போட்ட கை. வலது ஆட்காட்டி விரல் மடங்காது. சின்ன வயதில் அறுப்பின்போது அரிவாள் பட்டு நரம்பு போயிருந்தது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகி, ஒவ்வொரு எழுத்தையும் தோளிலிருந்து இழுத்து எழுதினார். நான் வெளியே போய் டீ சொல்லிவிட்டு, வந்து குடித்து, கிளாசைக் கழுவி வைத்தேன். அவர் ஆறாவது வரியில் இருந்தார். ஒரு பக்கம் முடிய நாற்பது நிமிடம் ஆனது. எழுத்து ஒவ்வொன்றும் அச்சுக் கோத்த மாதிரி இருந்தது.

“இத்தனை நாள் ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் இம்மா நேரந்தான் ஆவும்னு நெனச்சேன் யக்கா.”

அவர் சொல்வதை எழுத ஓர் ஆள் அமர்த்திக்கொள்ள விதி இருக்கிறதா என்று தேடினோம். இருந்தது. அரசு மருத்துவரிடம் இத்தனை சதவீதம் ஊனம் என்று சான்று வேண்டும். நானே அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், பொறுமையாகவே சொன்னார்: “ஒரு விரலுக்கு அந்தச் சதவீதம் வராதும்மா. இந்தக் கையால நாத்து நடறாங்க இல்ல? அப்ப எப்படி எழுதித் தர்றது?” திரும்பும் வழியில் பஸ்ஸில் கன்னியம்மாள் கலங்காமல் டிக்கெட் எடுத்தார். நான்தான் அழுதேன். சார் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சான்று இல்லாமல் அனுமதிக்க வழியில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த அன்று சார் கன்னியம்மாளை வரச்சொல்லி அதைப் படித்துக் காட்டினார். பிறகு பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“சுலோச்சனாம்மா, மேல இருக்கிற குறிப்பப் படிங்க.”

“ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு, ஒவ்வொன்றும் ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல், விடையளிக்கவும்.”

“இன்னொரு தரம்.”

படித்தேன்.

“குறைஞ்சது எவ்வளவுன்னு போட்டிருக்கா?”

இல்லை. எத்தனை வருடமாக அந்த வரியைத் தாளுக்குத் தாள் பார்த்திருக்கிறேன்! ‘மிகாமல்’ என்ற சொல் என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. ஐந்நூறு சொல் எழுத வேண்டும் என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் அப்படித்தான் சொல்வார்கள். கேள்விக்கு மூன்று பக்கமாவது எழுதுங்கள், பக்கத்தைப் பார்த்துத்தான் மார்க் என்பார்கள்.

“மூணு மணி நேரத்துல நாலரைப் பக்கம் வருது,” என்றார் சார். “அஞ்சு கேள்விக்கும் முக்கால் பக்கம், முக்கால் பக்கம். மீதி நேரம் யோசிக்க.”

நான் குறுக்கிட்டேன். “சார், கடைசி வாய்ப்பு. முக்கால் பக்கத்தப் பாத்தா திருத்தறவங்க இன்னா நினைப்பாங்க? ஒண்ணும் தெரியாம கிறுக்கியிருக்குன்னுதான் போடுவாங்க. நல்லா வர்ற ரெண்டையாவது முழுசா எழுதட்டும். மூணு மார்க்குதான கொறையுது?”

“ஒவ்வொண்ணுக்கும் ஏழு போட்டாக்கூட முப்பத்தஞ்சு.”

“ஏழு போடலன்னா?”

பதில் சொன்னது கன்னியம்மாள்.

“எளுதாத மூணுக்கும் சைபருதான யக்கா போட்டாங்க? எளுதுனா சைபருக்குக் கீள போட முடியுமா?”

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை சனிக்கிழமைதோறும் வந்தார். வேலை முடிந்து, சேலையில் சேற்றுக் கறையோடு வருவார். நான் பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். பிறகு விடையை வாயால் சொல்வார். சார் அதைப் பென்சிலால் எழுதுவார். அதற்கப்புறம் அறுப்பு ஆரம்பிக்கும்.

“இந்த வரிய எடுத்துட்டா இன்னா கொறையும் சார்?”

சார் படித்துப் பார்ப்பார். “ஒண்ணும் குறையல.”

“அப்ப எடுத்துடுங்க.”

முதலில் வரி வரியாகப் போயிற்று. அப்புறம் சொல் சொல்லாக. ஒருநாள் ‘மேலும்’ என்ற சொல்லில் வந்து நின்றார். “மேலும்னு எளுத எனக்கு அர நிமிசம் ஆவுது யக்கா. அது இன்னா வேல செய்து?” யோசித்துப் பார்த்தேன். ஒரு வேலையும் செய்யவில்லை. அன்றைக்குத்தான் தணிகாசலம் சார் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

உரிமைக்கும் சலுகைக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு கேள்வி. பாடப் புத்தகத்தில் பதினொரு பக்கம். வகுப்பில் மூன்று மணி நேரம் நடத்திய பாடம். நாலு வாரம் உரசி உரசி அவர் கொண்டுவந்து நிறுத்திய விடையின் தொடக்கம் இது. இன்னும் என்னிடம் அந்தத் தாள் இருக்கிறது.

‘சலுகை ஒருவர் மனம் வைத்துக் கொடுப்பது. மனம் மாறினால் நின்றுவிடும். உரிமை யார் மனம் மாறினாலும் நிற்காது. அதனால்தான் அதைச் சட்டத்தில் எழுதுகிறார்கள். சட்டத்தில் எழுதிய பிறகும் ஒருவர் கேட்டு நிற்க வேண்டியிருந்தால், அவருக்கு அது இன்னும் சலுகைதான்.’

சார் அதைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் அறிஞர்கள் பலர் சொன்னதாகப் பதினொரு பக்கத்தில் இருந்ததெல்லாம் அங்கே இருந்தது. புத்தகத்தில் இல்லாத கடைசி வரியும் இருந்தது. எதிரே கன்னியம்மாள் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அந்த விரலை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் தேர்வு. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூன்று நாளும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். முதல் தாளின்போது நான் கூடுதல் தாள் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு மணி நேரம் போனதும் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். நூல் கட்டி நூல் கட்டிக் கொடுத்தேன். கன்னியம்மாள் நிமிரவே இல்லை. முடிய இருபது நிமிடம் இருக்கும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தார்.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர், நல்ல மனுஷிதான், அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “அம்மா, நாலு பக்கந்தான் கீது. டைம் கீது பாரு. இன்னும் எதுனா எளுது.”

“முடிஞ்சிச்சிங்க.”

“சும்மா இளுத்து எளுதும்மா. பக்கத்தப் பாத்துதான் போடுவாங்க.”

“இளுக்க ஒண்ணும் இல்லீங்க,” என்றார் கன்னியம்மாள்.

கதவோரம் நான் நின்றிருந்தேன். கண்காணிப்பாளர் சொன்னதுதான் எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆறு வருட உழைப்பு நாலு பக்கத்தில் மூடிக் கிடந்தது. அவர் மட்டும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, நடவு முடித்து வரப்பில் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. நான்தான் கணினியில் பார்த்தேன். முதல் தாள் அறுபத்தொன்று. இரண்டாவது ஐம்பத்தெட்டு. மூன்றாவது திரையில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. முப்பத்தொன்பது. யாரோ ஒருவர் பக்கத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார். ஆனாலும் முப்பத்தொன்பது.

“தேறுவதற்கு எவ்வளவுன்னு படிங்க,” என்றார் சார். இருபத்துச் சொச்சம் வருடமாக எங்கள் இருவருக்கும் தெரிந்த எண். விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். “முப்பத்தைந்து.” சார் எழுந்து வெளியே போனார். குழாயடியில் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

கன்னியம்மாளுக்குச் செய்தி சொல்ல நானே போனேன். வயலில் வரிசையாகக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று கத்தினேன். அவர் நிமிர்ந்தார். “மூணும் பாஸு!” என்றேன். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர், “ஆறு வருசம் ஆச்சி, ஆனா கிளியாம படிச்சிட்டேன் யக்கா,” என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் கரையேறினார். அவர் நகராவிட்டால் மற்றவர்களும் நகர முடியாது.

சாருக்கும் எனக்கும் அடுத்தடுத்து ஓய்வு வந்தது. அவர் மகளோடு சென்னையில் இருக்கிறார். நான் உத்திரமேரூரிலேயே இருக்கிறேன். போன வருடம் என் கணவர் தவறிப்போனார். வீட்டுப் பட்டாவில் அவர் பெயரை நீக்கி என் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நான் அலுவலகத்தில் இருந்தவள் அல்லவா? ‘மேற்படி முகவரியில் வசித்து வரும் நான் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன்’ என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம் மனு எழுதிக்கொண்டு தாலுக்கா அலுவலகம் போனேன். முதல் தரம் மேசையில் இருந்தவர் வாங்கி மனுக் கட்டில் சேர்த்துவிட்டார். இரண்டாம் தரம் போனபோது அந்த மனு எங்கே என்று தெரியவில்லை என்றார். மூன்றாம் தரம் புதிதாக இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு கும்பல். பெண்கள் ஏழெட்டுப் பேர். நடுவில் ஸ்கூட்டர் சீட்டின்மேல் அட்டையை வைத்துக் கன்னியம்மாள் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று, மனைப் பட்டா, ரேஷன் அட்டை என்று ஆளுக்கொரு காரியம். வேலை இல்லாத நாட்களில் இங்கே வந்துவிடுவாராம். என்னைப் பார்த்ததும், “யக்கா!” என்று எழுந்தார். என் வீட்டுக்காரர் போனது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் மனுவை வாங்கிப் படித்தார். இரண்டு பக்கத்தையும் விடாமல் படித்தார்.

“யக்கா, உனுக்கு இன்னா வேணும்?”

“பட்டாவுல அவர் பேர எடுத்துட்டு எம் பேரச் சேக்கணும்.”

“அவரு எப்ப போனாரு?”

சொன்னேன்.

“பட்டா நம்பரு?”

சொன்னேன்.

“அவ்ளோதான? அத்தயே எளுதலாமே.”

அவரே எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அட்டையை வாங்கி, நின்றுகொண்டே நான் எழுதினேன். மூன்று வரி வந்தது. இருபத்தாறு வருடம் அரசு பாஷையில் எழுதிய கை, நான்காவது வரிக்குத் தானாகப் போகப் பார்த்தது. நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே மேசையில் இருந்தவர் வாங்கினார். கட்டில் சேர்க்கப் போன கை நின்றது. படித்தார். என் கண் முன்னால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஓர் அலுவலர் ஒரு மனுவைப் படித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“அந்த இருளர் அம்மா எழுதினதா?” என்றார்.

“நான் எழுதினது சார்,” என்றேன். “அவங்க படிச்சுப் பாத்தாங்க.”

“இறப்புச் சான்று நகல் இருக்கா? குடுங்க. ரெண்டு வாரத்துல வி.ஏ.ஓ. வருவாரு.” முத்திரை போட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

வெளியே வந்தேன். ரசீதைக் காட்டலாம் என்று கன்னியம்மாளைத் தேடினேன். அவர் திரும்பிப் பார்க்கும் நிலையில் இல்லை. வயதான ஒருவர் எதிரே நின்று, தாத்தா காலத்திலிருந்து தொடங்கி நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனாவை அந்த இரண்டு விரலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, கேட்டார்:

“செரி நைனா. இப்ப உனுக்கு இன்னா வேணும்?”